வந்த பக்கத்திற்கே திரும்பும் வழி: வாசகர் கேள்வி பதில்

இணையச் செயலிகளை எழுதும் வாசகர்களிடமிருந்தும், எழுதுவித்துத் தொழில் நடத்தும் வாசகர்களிடமிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பல ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. பயனர் ஒருவரை இடையில் வேறொரு பக்கத்திற்கு அனுப்பிவிட்டு, அவர் முன்பு இருந்த இடத்திற்கே மீண்டும் எவ்வாறு கொண்டுவந்து சேர்ப்பது? சிறிய வேலை என்று பலரும் கடைசிவரை தள்ளிவைக்கும் இந்தப் பகுதியில்தான் வாடிக்கையாளர் பாதியில் விலகுவதும், பாதுகாப்புக் குறைகள் உள்ளே நுழைவதும் நிகழ்கின்றன. ஆகவே இந்த இதழின் இடம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் நடத்தும் துணிக்கடைக்கு இணைய விற்பனைத் தளம் ஒன்று உண்டு. சேலை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர் ‘கூடையில் சேர்’ என்பதை அழுத்தினால் உள்நுழையச் சொல்கிறது. உள்நுழைந்ததும் முகப்புப் பக்கத்தில் விட்டுவிடுகிறது. பார்த்த சேலையைக் காணவில்லை என்று தீபாவளி நேரத்தில் பலர் தொலைபேசியில் அழைக்கிறார்கள். தளத்தைச் செய்துதந்த தம்பி உலாவியின் ‘பேக்’ கட்டளையைச் சேர்த்துப் பார்த்தார். சில நேரம் சரியாகப் போகிறது, சில நேரம் வேறெங்கோ போகிறது. முறையான வழி எது?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ‘பேக்’ கட்டளைக்கு உங்கள் சேலையைப் பற்றி எதுவும் தெரியாது. அந்தத் தாவலில் எந்தப் பக்கத்திற்குப் பின் எந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்ற வரிசை மட்டுமே உலாவியிடம் இருக்கிறது. கட்டளை வந்ததும் அவ்வரிசையில் ஓர் அடி பின்னால் போகிறது. வாடிக்கையாளர் சேலைப் பக்கத்திலிருந்து உள்நுழைவுப் பக்கத்திற்கு நேராக வந்து, முதல் முயற்சியிலேயே உள்நுழைந்தால் அந்த ஓர் அடி சரியாக அமையக்கூடும். கடவுச்சொல்லை மறந்து அதற்கான பக்கத்திற்குப் போய்வந்தவருக்கும், புதிதாகக் கணக்குத் திறந்தவருக்கும் ஓர் அடி பின்னால் இருப்பது அந்த இடைப் பக்கங்கள்தாம். குடும்பப் புலனக் குழுவில் அத்தை அனுப்பிய இணைப்பை அழுத்தி நேராக உங்கள் உள்நுழைவுப் பக்கத்தில் வந்து நிற்பவரின் தாவலில் பின்னால் எதுவுமே இருக்காது.

சிலர் இதற்கு மாற்றாக, கோரிக்கையோடு உலாவி அனுப்பும் ‘ரெஃபரர்’ என்ற தலைப்புவரியைப் படிக்கிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்திற்கு வந்தார் என்பதை அது சொல்லும். ஆனால் உள்நுழைவுப் படிவத்தை நிரப்பி அனுப்பும்போது அந்த வரியில் இருப்பது உள்நுழைவுப் பக்கத்தின் முகவரியே. சேலைப் பக்கம் அதற்குள் மறைந்துபோயிருக்கும். மேலும் 2020ஆம் ஆண்டில் வெளிவந்த குரோம் 85ஆம் பதிப்பு முதல், தளம் வேறுவிதமாகக் கேட்காவிட்டால், ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்திற்குப் போகும்போது முழு முகவரியை உலாவி அனுப்புவதில்லை. தளத்தின் பெயரை மட்டுமே அனுப்புகிறது. தனியுரிமைக்கான நீட்சிகளை வைத்திருப்பவர்களின் உலாவி அதையும் நீக்கிவிடலாம். கிடைத்தால் பயன்படுத்தலாம் என்ற அளவுக்குமேல் அவ்வரியை நம்பக்கூடாது.

முறையான வழி, திரும்பவேண்டிய முகவரியை உங்கள் செயலியே கையில் எடுத்துச் செல்வதுதான். உள்நுழையாத ஒருவர் உள்நுழைவு தேவைப்படும் இடத்தைத் தொடும் அந்தக் கணத்தில், அவர் எங்கே இருக்கிறார் என்பது சேவையகத்திற்கு ஐயமின்றித் தெரியும். அப்போதே அந்த முகவரியை உள்நுழைவுப் பக்கத்தின் முகவரியில் ஓர் அளவுருவாக (‘?’ குறிக்குப் பின் பெயரும் மதிப்புமாக வரும் பகுதியாக) சேர்த்துவிட வேண்டும். இணையச் செயலி எழுத உதவும் கட்டமைப்புகளுள் ஜாங்கோவில் அதன் வழக்கமான பெயர் ‘நெக்ஸ்ட்’, ஏ.எஸ்.பி.நெட்டில் ‘ரிட்டர்ன்யூஆர்எல்’. லாராவெல் இதையே முகவரியில் வைக்காமல் செஷனில் (ஒரு பயனருக்கென்று சேவையகம் வைத்திருக்கும் தற்காலிக நினைவில்) ‘இன்டெண்டட்’ என்ற பெயரில் சேமிக்கிறது. ஸ்பிரிங் செக்யூரிட்டியும் தடுக்கப்பட்ட கோரிக்கையைச் சேமித்துவைத்து, உள்நுழைந்தபின் அதற்கே அனுப்புகிறது. இரண்டு முறைகளுள் முகவரியில் வைப்பதையே நான் விரும்புகிறேன். செஷன் என்பது எல்லாத் தாவல்களுக்கும் பொதுவானது. மூன்று சேலைகளை மூன்று தாவல்களில் திறந்துவைத்து ஒப்பிடும் வாடிக்கையாளருக்குக் கடைசியாகச் சேமித்த முகவரி முந்தையவற்றை அழித்துவிடும்.

உங்கள் தம்பி கவனிக்கவேண்டியவை சில உண்டு. அளவுருவாக வைக்கும் முகவரியைச் சதவீதக் குறியேற்றம் (சிறப்புக் குறிகளை ‘%’ இல் தொடங்கும் குறியீடுகளாக மாற்றுதல்) செய்தே வைக்க வேண்டும். சேலையின் நிறமும் விளிம்பும் முகவரியில் ‘&’ குறியால் பிரிக்கப்பட்டிருந்தால், குறியேற்றம் செய்யாத நிலையில் நிறம் மட்டும் ‘நெக்ஸ்ட்’ உடன் சேர்ந்து, விளிம்பு உள்நுழைவுப் பக்கத்தின் சொந்த அளவுருவாகப் பிரிந்துபோகும்; திரும்பிவரும் வாடிக்கையாளர் சிவப்புச் சேலைகளின் பொதுப் பட்டியலில் நிற்பார். அடுத்து, உள்நுழைவுப் பக்கத்திலுள்ள ‘புதிய கணக்கு’, ‘கடவுச்சொல் மறந்தேன்’ ஆகிய இணைப்புகளும் அதே அளவுருவைச் சுமந்து செல்ல வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். முதன்முறை வாங்க வந்தவர் கணக்குத் திறந்துதான் உள்ளே வருவார். அவரையே வழி தவறவிடுவது வணிகத்திற்குப் பெரும் இழப்பு. அளவுரு இல்லாமலோ தவறாகவோ வந்தால் எங்கே அனுப்புவது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். திரும்பும் முகவரியாக உள்நுழைவுப் பக்கமோ வெளியேறும் பக்கமோ அமைந்துவிடாமலும் தடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்நுழைந்த மறுகணமே வெளியேற்றப்படும் விந்தை நிகழும்.

செஷனில் சேமிப்பவர்களுக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பக்கம் திறந்திருக்கும்போது, புதிய அறிவிப்புகள் எத்தனை என்று பின்னணியில் ஒரு கோரிக்கை அவ்வப்போது சேவையகத்திற்குப் போய்க்கொண்டிருக்கும். செஷன் காலாவதியானபின் அந்தக் கோரிக்கை தடுக்கப்பட்டு, அதன் முகவரியே ‘திரும்பவேண்டிய இடம்’ என்று பதிவானால், உள்நுழைந்தவர் முன்னால் அடைப்புக்குறிகளும் எண்களும் நிறைந்த வெற்றுத் தரவு வந்து நிற்கும். பயனர் கண்ணால் பார்க்கும் பக்கத்திற்கான ‘கெட்’ கோரிக்கைகளை, அதாவது பக்கத்தைக் கேட்டுப் பெறும் கோரிக்கைகளை, மட்டுமே சேமிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் உங்கள் வாடிக்கையாளரின் குறை பாதிதான் தீரும். அவர் விரும்பியது சேலைப் பக்கத்தைப் பார்ப்பதை அன்று. அதைக் கூடையில் போடுவதை. கூடையில் சேர்ப்பது ‘போஸ்ட்’ முறையில், அதாவது விவரங்களைச் சேவையகத்திற்கு அனுப்பும் முறையில், போகும் கோரிக்கை. திருப்பி அனுப்பும்போது நிகழ்வதோ ‘கெட்’. பக்கம் திரும்பக் கிடைக்கும், கூடை வெறுமையாகவே இருக்கும். எனவே எந்தப் பொருளை, எத்தனை என்ற விவரத்தையும் சேவையகத்தில் குறித்துவைத்து, உள்நுழைந்ததும் அதை நிறைவேற்றி, ‘சேலை கூடையில் சேர்க்கப்பட்டது’ என்ற செய்தியோடு அதே பக்கத்தைக் காட்டுங்கள். பணம் செலுத்துவது, கணக்கை நீக்குவது போன்ற செயல்களை மட்டும் இவ்வாறு தானாக நிறைவேற்றாமல், மறுபடி ஒருமுறை கேட்டு உறுதிசெய்ய வேண்டும். என்னைக் கேட்டால், கூடையில் சேர்ப்பதற்கு உள்நுழைவே வேண்டாம் என்பேன். கடைக்குள் வந்து சேலையைக் கையில் எடுப்பவரிடம் நாம் பெயரும் முகவரியும் கேட்பதில்லை. பணம் செலுத்தும் கட்டத்தில் கேட்டால் போதும்.

கேள்வி: நான் பாயான் லெப்பாஸில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறேன். ஊழியர் விடுப்பு விண்ணப்பச் செயலியில் ‘நெக்ஸ்ட்’ அளவுருவைப் பயன்படுத்தினோம். பாதுகாப்புச் சோதனையில் அதைப் பெரிய குறை என்று எழுதிவிட்டார்கள். எங்கள் ஊழியரை எங்கள் பக்கத்திற்கே திருப்புவதில் ஆபத்து என்ன?
— வாசகர், பினாங்கு

பதில்: அளவுருவில் என்ன இருக்க வேண்டும் என்று நினைத்து எழுதியவர் நீங்கள், ஆனால் அங்கே என்ன இருக்கும் என்பதை இணைப்பை அனுப்புகிறவர் முடிவுசெய்கிறார். மோசடிக்காரர் ஒருவர் உங்கள் செயலியின் உண்மையான உள்நுழைவு முகவரியை எழுதி, அதன் கடைசியில் ‘நெக்ஸ்ட்’ என்ற இடத்தில் தம் போலித் தளத்தை வைத்து, ‘உங்கள் விடுப்பு நிராகரிக்கப்பட்டது’ என்ற மின்னஞ்சலோடு அனுப்புகிறார். கவனமான ஊழியரும் நிறுவனத்தின் பெயர் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டே அழுத்துவார். உண்மையான பக்கத்தில் உண்மையான கடவுச்சொல்லைத் தருவார். உள்நுழைந்ததும் உங்கள் செயலியே அவரைப் போலித் தளத்தில் கொண்டுபோய் விடுகிறது. அதே வண்ணத்தில், அதே சின்னத்தோடு, ‘கடவுச்சொல் தவறு, மீண்டும் தருக’ என்று அங்கே எழுதியிருந்தால் ஐயப்படுபவர் மிகச் சிலரே. முகவரியைச் சரிபார்த்த பிறகே அழுத்துங்கள் என்று நாம் ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கும் பாடத்தை இந்த ஒரு குறை பயனற்றதாக்கிவிடுகிறது.

இக்குறைக்குத் ‘திறந்த திசைதிருப்பல்’ என்று பெயர். மென்பொருள் குறைகளை வகைப்படுத்தும் சி.டபிள்யூ.இ பட்டியலில் இதன் எண் 601. இணையச் செயலிகளின் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2013ஆம் ஆண்டுப் பத்துப் பெருங்குறைகளில் இது பத்தாவதாக இருந்தது. 2017ஆம் ஆண்டுப் பட்டியலில் இதற்குத் தனி இடம் இல்லை என்பதைக் காட்டி, இனி இது பொருட்டல்ல என்று வாதிடுவோரைச் சந்தித்திருக்கிறேன். அதை ஏற்க முடியாது. மேலே சொன்ன மோசடி இன்றும் அப்படியே செய்யக்கூடியது.

சரிபார்ப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. முகவரி ‘/’ என்ற சாய்வுக்கோட்டில் தொடங்கினால் அது நம் தளத்திற்குள் இருப்பது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இரண்டு சாய்வுக்கோடுகளில் தொடங்கினால், அதன்பின் வருவதை உலாவி வேறொரு தளத்தின் பெயராகக் கொள்ளும். இரண்டாவது கோட்டைத் தடுத்தால், அவ்விடத்தில் ‘\’ என்ற பின்சாய்வுக்கோட்டை வைப்பார்கள். இணைய முகவரிகளில் உலாவிகள் இரண்டையும் ஒன்றாகவே நடத்துகின்றன. இடையில் ஒரு தத்தல் (டேப்) குறியையோ வரிமுறிவையோ செருகினால் உலாவி அதை ஓசையின்றி நீக்கிவிட்டு மேலே தொடரும். உங்கள் சரிபார்ப்பு அதைக் கவனிக்காமல் விட்டிருக்கும். நம் டொமைன் பெயரில் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்தால், அப்பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியோ ‘@’ குறியோ இட்டு, உண்மையான தளத்தை அதற்கு அப்பால் எழுதிவிடலாம். உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் திருப்புவதாக இருந்தால், முகவரிக்குப் பதிலாக ‘ஜாவாஸ்கிரிப்ட்:’ என்று தொடங்கும் நிரல் வரியே வந்து, உங்கள் பக்கத்திற்குள் ஓடிவிடும்; அது திசைதிருப்பலைவிடக் கொடியது.

ஆகவே இந்தச் சரிபார்ப்பைச் சொந்தமாக எழுத வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஜாங்கோவில் தளப் பெயரையும் நெறிமுறையையும் சேர்த்துச் சோதிக்கும் செயற்கூறு ஏற்கெனவே இருக்கிறது, 3.0 பதிப்புக்கு முன் அதன் பெயர் ‘இஸ்_சேஃப்_யூஆர்எல்’. ஏ.எஸ்.பி.நெட் கோரில் ‘லோக்கல்ரீடைரக்ட்’ உள்முகவரி அல்லாததை ஏற்பதில்லை. வேர்ட்பிரஸ்ஸில் ‘டபிள்யூபி_சேஃப்_ரீடைரக்ட்’ இருக்கிறது. ரெயில்ஸ் 7 பதிப்பின் இயல்பமைப்புகளை ஏற்ற செயலிகளில், வெளித்தளத்திற்குத் திருப்ப முயன்றால் பிழை எழும்.

எதைப் பயன்படுத்தினாலும், சரிபார்ப்பு திருப்பி அனுப்பும் கணத்தில் நடக்க வேண்டும். உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டும்போது சரிபார்த்துவிட்டு, படிவத்தின் மறைபுலத்தில் (பயனர் கண்ணுக்குத் தெரியாத பகுதியில்) திரும்பி வரும் மதிப்பை அப்படியே நம்புவது பூட்டிய கதவின் சாவியை வெளியே வைப்பதாகும். விடுப்புச் செயலி போன்று குறைந்த பக்கங்கள் உள்ள இடத்தில் முகவரியே வேண்டாம். ‘விண்ணப்பம்’, ‘ஒப்புதல்’ என்று சில பெயர்களை மட்டும் அளவுருவில் வைத்து, எந்தப் பெயருக்கு எந்தப் பக்கம் என்பதைச் சேவையகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் கோயிலின் தைப்பூச அன்னதான நன்கொடைக்கு இணையப் பக்கம் வைத்திருக்கிறோம். உறுப்பினர் உள்நுழைந்து, தொகையைக் குறிப்பிட்டு, எஃப்.பி.எக்ஸ் வழியாக வங்கிக்குப் போய்ப் பணம் செலுத்திவிட்டுத் திரும்பும்போது, சிலரிடம் மட்டும் மீண்டும் உள்நுழையச் சொல்கிறது. பணம் போயிற்றா இல்லையா என்று பெரியவர்கள் கலங்கிப்போகிறார்கள். எல்லோருக்கும் நடந்தால் காரணம் கண்டுபிடிக்கலாம். சிலருக்கு மட்டும் ஏன்?
— கோயில் தொண்டர், செந்தூல்

பதில்: ‘சிலருக்கு மட்டும்’ என்பதில்தான் காரணத்தின் தடம் இருக்கிறது. பணம் செலுத்தும் நுழைவாயில்கள் பல, பயனரைத் திருப்பி அனுப்பும்போது முடிவு விவரங்களை ஒரு ‘போஸ்ட்’ படிவமாக உலாவி மூலம் உங்கள் தளத்திற்கு அனுப்புகின்றன. அது வேறொரு தளத்திலிருந்து புறப்படும் கோரிக்கை. 2020ஆம் ஆண்டு குரோம் 80ஆம் பதிப்பு முதல், ‘சேம்சைட்’ என்ற பண்பு குறிக்கப்படாத குக்கிகளை (தளம் உலாவியில் வைக்கும் சிறு அடையாளக் குறிப்புகளை) உலாவி ‘லேக்ஸ்’ வகையாகக் கொள்ளத் தொடங்கியது. அவ்வகைக் குக்கி, வேறு தளத்திலிருந்து இணைப்பை அழுத்தி ‘கெட்’ முறையில் வந்தால் கூடவே வரும். ‘போஸ்ட்’ முறையில் வந்தால் வராது. செஷன் குக்கி வராத கோரிக்கையைச் சேவையகம் உள்நுழையாதவருடையதாகவே பார்க்கும்.

பழைய தளங்கள் ஒரேயடியாக உடைந்துபோகாமல் இருக்கக் குரோம் ஒரு விலக்கு வைத்தது. பண்பு குறிக்கப்படாத குக்கி உருவாகி இரண்டு நிமிடங்களுக்குள் இருந்தால், ‘போஸ்ட்’ உடனும் அதை அனுப்பும். உள்நுழைந்து விரைவாகப் பணம் செலுத்தியவர் தப்பிவிடுகிறார்; கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறந்து ஒப்புதல் தருவதற்குள் இரண்டு நிமிடங்களைக் கடந்துவிட்ட பெரியவர் சிக்கிக்கொள்கிறார். ஐபோனின் சஃபாரி, பண்பு குறிக்கப்படாத குக்கியை இவ்வாறு ‘லேக்ஸ்’ ஆகக் கொள்வதில்லை என்பதால் அங்கே சிக்கல் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் தளம் ‘லேக்ஸ்’ என்று தானே குறித்திருந்தால் — ஜாங்கோ 2.1 முதல் செஷன் குக்கிக்கு அதுவே இயல்பு — இரண்டு நிமிட விலக்கும் கிடையாது. யாரிடம் எந்தக் கைப்பேசி, எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டுப் பார்த்தால் எந்த நிலை உங்களுடையது என்பது விளங்கிவிடும்.

குக்கியை ‘நன்’ வகையாக, அதாவது எந்தக் கோரிக்கையோடும் போகும் வகையாக, மாற்றினால் சிக்கல் மறையும் என்று சிலர் சொல்வார்கள். மறையும்தான், ஆனால் வேறு தளங்கள் உறுப்பினர் பெயரில் கோரிக்கைகளை அனுப்பும் வழியும் அதனுடன் திறந்துவிடும். நன்கொடைக் கணக்கு உள்ள தளத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதில், நுழைவாயிலிலிருந்து வரும் ‘போஸ்ட்’டை வாங்குவதற்கென்று உள்நுழைவு தேவைப்படாத ஒரு முகவரியை வையுங்கள். அங்கே நுழைவாயிலின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்ததும், 303 என்ற நிலைக்குறியோடு (வேறொரு முகவரியை ‘கெட்’ முறையில் கேள் என்று உலாவிக்குச் சொல்லும் எண்) உங்கள் நன்றி அறிவிப்புப் பக்கத்திற்குத் திருப்புங்கள். அந்த இரண்டாவது கோரிக்கை ‘கெட்’ ஆக இருப்பதால் ‘லேக்ஸ்’ குக்கி கூடவே வரும். பெரியவர் உள்நுழைந்த நிலையிலேயே தம் ரசீதைப் பார்ப்பார்.

திரும்பும்போது எந்த நன்கொடை, எந்தப் பக்கம் என்று அறிவதற்கு, அனுப்பும்போதே ஓர் ஆணை எண்ணைக் கொடுத்தனுப்ப வேண்டும். கோயில் வாசலில் செருப்பை விடும்போது கொடுக்கும் எண் அட்டையைப் போன்றது அது. அட்டையில் எண் மட்டுமே இருக்கும், எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பது உள்ளே இருப்பவருக்கே தெரியும். அதுபோலவே, திரும்பவேண்டிய பக்கமும் தொகையும் உறுப்பினர் விவரமும் உங்கள் தரவுத்தளத்தில் இருக்கட்டும். வெளியே போவது எண் மட்டுமே. கூகுள் போன்ற கணக்குகளின் வழியாக உள்நுழையச் செய்யும் ‘ஓஆத்’ முறையிலும் இதே ஏற்பாடுதான். அம்முறையை வரையறுக்கும், 2012ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி 6749 ஆவணம் அதற்கு ‘ஸ்டேட்’ என்ற அளவுருவை வகுத்திருக்கிறது. ஊகிக்க முடியாத மதிப்பாக அது இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது.

மிக முக்கியமான ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். பணம் வந்ததா என்பதை, உலாவி திரும்பிவந்ததை வைத்து முடிவுசெய்யாதீர்கள். எல்.ஆர்.டி இரயிலில் சமிக்ஞை அறுந்தாலும், வங்கிப் பக்கம் முடிந்ததும் உறுப்பினர் தாவலை மூடிவிட்டாலும் உலாவி திரும்பாது, பணம் போயிருக்கும். நுழைவாயில் உங்கள் சேவையகத்திற்கு நேரடியாக அனுப்பும் அறிவிப்பையே சான்றாகக் கொள்ளுங்கள். அறிவிப்பு வந்ததும் ஒரு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ போகும்படி செய்துவிட்டால், திரும்பும் வழி தவறினாலும் பெரியவர்கள் கலங்கமாட்டார்கள்.

கேள்வி: டியூஷன் நிலையத்தின் பதிவுப் படிவத்தை அனுப்பியபின் பெற்றோர் பக்கத்தைப் புதுப்பித்தாலோ பின்னால் போய்வந்தாலோ ‘படிவத்தை மீண்டும் அனுப்பவா’ என்று உலாவி கேட்கிறது. ‘ஆம்’ என்றவர்களின் பிள்ளைகள் இரண்டு முறை பதிவாகிவிடுகிறார்கள்.
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ‘போஸ்ட்’ கோரிக்கைக்கு விடையாகப் பக்கத்தையே காட்டுவதால் நேர்வது இது. படிவத்தைச் சேமித்ததும் பக்கத்தைக் காட்டாமல், 303 நிலைக்குறியோடு ‘பதிவு ஏற்கப்பட்டது’ என்ற வேறொரு முகவரிக்குத் திருப்புங்கள். உலாவியின் வரிசையில் நிற்பது ‘கெட்’ பக்கமாகிவிடும். எத்தனை முறை புதுப்பித்தாலும் தீங்கில்லை. 302 என்ற பழைய குறியும் நடைமுறையில் இவ்வாறே இயங்குகிறது, ஆனால் அதன் பொருள் நெடுங்காலம் தெளிவின்றி இருந்ததால்தான் எச்.டி.டி.பி 1.1 நெறிமுறையின் 1997ஆம் ஆண்டு ஆவணத்தில் 303 சேர்க்கப்பட்டது. 307ஐ இங்கே பயன்படுத்தக்கூடாது; அது ‘போஸ்ட்’டை ‘போஸ்ட்’டாகவே திருப்பி அனுப்பும். பொத்தானை இருமுறை அழுத்துவோருக்காகப் படிவத்தில் ஒருமுறை மட்டுமே செல்லும் டோக்கன் ஒன்றை வைத்து, அதே டோக்கன் இரண்டாம் முறை வந்தால் முதல் பதிவையே காட்டுங்கள். நிரப்பியதில் பிழை இருந்து படிவத்திற்கே திருப்பும்போது, பெற்றோர் எழுதியவை அனைத்தும் அப்படியே அங்கே இருக்க வேண்டும்.

கேள்வி: மருந்தகத்தின் இருப்புப் பட்டியலில் வடிகட்டி, ஏழாம் பக்கம் வரை போய் ஒரு மருந்தைத் திறந்து பார்க்கிறோம். ‘பட்டியலுக்குத் திரும்பு’ என்றால் வடிகட்டல் எல்லாம் போய் முதல் பக்கம் வருகிறது. உலாவியின் பேக் பொத்தானும் அப்படியே. நாளெல்லாம் இதே வேலை.
— வாசகி, கெப்போங்

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானது. பட்டியலின் நிலை நிரலின் நினைவில் மட்டும் இருக்கிறது, முகவரியில் இல்லை; அதுவே காரணம். எந்த வடிகட்டல், எந்த வரிசை, எத்தனையாவது பக்கம் என்ற மூன்றும் முகவரியின் அளவுருக்களாக இருக்குமாறு எழுதுபவரிடம் கேளுங்கள். அப்படி எழுதினால் பேக் பொத்தானும் சரியாகும், பக்கத்தைப் புதுப்பித்தாலும் நிலை மாறாது, அதே பட்டியலைச் சக ஊழியருக்கு இணைப்பாகவும் அனுப்பலாம்.

எழுதுபவருக்கு ஒரு குறிப்பு: தேடல் பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ‘புஷ்ஸ்டேட்’ (உலாவியின் வரிசையில் புதிய அடியைச் சேர்க்கும் கட்டளை) செய்தால், ‘பாராசிட்டமால்’ என்று தேடியவர் பின்னால் போக எழுத்தெழுத்தாக அழுத்தவேண்டியிருக்கும். தட்டச்சு நடக்கும்போது ‘ரிப்ளேஸ்ஸ்டேட்’ (இருக்கும் அடியையே மாற்றும் கட்டளை) செய்து, அடுத்த பக்கத்திற்குப் போவது போன்ற உண்மையான அடிகளுக்கு மட்டும் ‘புஷ்ஸ்டேட்’ செய்யுங்கள். முகவரியில் ‘#’ குறிக்குப் பின்னால் நிலையை வைக்கும் பழக்கமும் வேண்டாம். அப்பகுதி சேவையகத்திற்குப் போவதேயில்லை, ஆகையால் செஷன் முடிந்து மீண்டும் உள்நுழைய நேர்ந்தால் அது தொலைந்துபோகும். ‘பட்டியலுக்குத் திரும்பு’ என்பதை ‘பேக்’ கட்டளையாக எழுதாமல், அளவுருக்களோடு கூடிய உண்மையான இணைப்பாக எழுத வேண்டும்; மருந்தைப் புதிய தாவலில் திறந்தவருக்கும் அப்போதுதான் அது வேலை செய்யும்.

உருட்டிய இடமும் அப்படியே திரும்பவேண்டுமானால், உலாவி தான் விட்டுச்சென்ற பக்கத்தை முழுமையாக நினைவில் உறையவைத்துத் திரும்பத் தரும் வசதியைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். ஃபயர்பாக்ஸ் 2005ஆம் ஆண்டின் 1.5 பதிப்பிலேயே இதைக் கொண்டிருந்தது. குரோம் ஆண்ட்ராய்டில் 2020இலும், கணினியில் 2021இலும் கொண்டுவந்தது. பக்கத்தை விட்டு நீங்கும்போது எழும் ‘அன்லோட்’ நிகழ்வுக்கு நிரல் எழுதிவைப்பது கணினி உலாவிகள் சிலவற்றில் இவ்வசதியைத் தடுத்துவிடும் என்பதால் அதை நீக்குங்கள். உறைந்த பக்கம் திரும்பும்போது இருப்பு எண்ணிக்கை பழையதாக இருக்கக்கூடும். பக்கம் தோன்றும்போது எழும் ‘பேஜ்ஷோ’ நிகழ்வில், பக்கம் நினைவிலிருந்து வந்ததைக் குறிக்கும் ‘பெர்சிஸ்டட்’ மெய் என்றால் எண்ணிக்கையை மட்டும் புதிதாகக் கேட்டு நிரப்பலாம்.

கேள்வி: நூலகத்தின் பொதுக் கணினியில் மருத்துவச் சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு வெளியேறினேன். அடுத்து அமர்ந்தவர் பேக் பொத்தானை அழுத்தியதும் என் விவரங்கள் திரையில் வந்தன. அந்தப் பொத்தானையே முடக்க முடியாதா?
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: முடக்க முடியாது, முடக்கவும் கூடாது. அது பயனருடைய பொத்தான், தளத்துடையதன்று. பயனர் எதையும் தொடாதபோது போலி அடிகளை வரிசையில் திணித்து ஒருவரை அங்கேயே சுற்றவைக்கும் தளங்களைக் கண்டு, அவ்வாறு சேர்ந்த அடிகளைத் தாண்டிச் செல்லும்படி குரோம் மாற்றப்பட்டிருக்கிறது. உங்களுக்கு நேர்ந்ததற்குத் தீர்வு அந்தத் தளத்தை எழுதியவர்கள் கையில் இருக்கிறது. இத்தகைய பக்கங்களைக் ‘கேஷ்-கன்ட்ரோல்: நோ-ஸ்டோர்’ என்ற தலைப்புவரியோடு அனுப்பினால் உலாவி அவற்றைச் சேமித்துவைக்காது. வெளியேறும்போது ‘கிளியர்-சைட்-டேட்டா’ வரியை அனுப்பி மிச்சத்தையும் துடைக்கச் சொல்லலாம். பக்கம் மீண்டும் தோன்றும் கணத்தில் செஷன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் விவரங்களை மறைத்து உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டும் நிரலும் கூடவே வேண்டும். முந்தைய பதிலில் நான் புகழ்ந்த உறைபக்க வசதியை இவ்வரிகள் பெரிதும் இழக்கச் செய்யும் என்பது உண்மை. ஆகவே அவற்றைத் தளம் முழுவதற்கும் வைக்காமல், நோயாளியின் பெயரும் முடிவும் தோன்றும் பக்கங்களுக்கு மட்டும் வைக்கும்படி அவர்களுக்கு எழுதுங்கள். அதுவரை, பொதுக் கணினியில் உலாவியின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து பயன்படுத்தி, முடித்ததும் அச்சாளரங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு எழுந்திருங்கள்.